கடைசி அரைப் பக்கம்

எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவந்தவர் உறையைக் கையில் தூக்கிப் பார்த்தே சேதியைச் சொல்லிவிடுவார். "கனமா இருக்குதும்மா" என்றால் கதை திரும்பி வந்துவிட்டது என்று பொருள். கதையோடு சேர்த்து, என் விலாசத்தை நானே எழுதி, தபால்தலை ஒட்டி, மடித்து வைத்து அனுப்பிய உறை அது. பத்திரிகைக்காரர்கள் கதையை எடுத்துக்கொண்டால் மெல்லியதாக ஒரு கடிதம் வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்த புதிதில் மெல்லியதாக எதுவும் வரவில்லை. தபால்காரர் என்னைவிட அதிகமாக வருத்தப்படுவார். "அடுத்த வாட்டி வரும்மா" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார்.

அது எழுபதுகளின் தொடக்கம். பேகோபுரத் தெருவில் ஒரு நீள வீட்டின் பின் போர்ஷனில் குடியிருந்தோம். என் கணவருக்குக் கரண்ட் ஆபீஸில் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. ஊரில் பாதி வீடுகளுக்குள் போய் வந்தவர். யார் வீட்டில் நாய் கடிக்கும், யார் வீட்டில் மோர் கொடுப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் புத்தகம் படிக்கிற பழக்கம் மட்டும் கிடையாது. அவருக்குக் கதை என்றால் சினிமாதான். ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால் இடைவேளை எங்கே விட்டார்கள் என்பது வரை உட்கார்ந்து சொல்வார். நான் எழுதுவதை அவர் படித்ததில்லை; எழுதாதே என்று சொன்னதுமில்லை. மாதச் சாமான் வாங்கும்போது பருப்பு, எண்ணெயோடு ஒரு கட்டு வெள்ளைத் தாளும் பையில் இருக்கும்.

அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகைகளில் ஏதாவது ஒரு போட்டி நடந்துகொண்டே இருக்கும். தீபாவளிச் சிறுகதைப் போட்டி, பொங்கல் போட்டி, ஒரு படத்தைப் போட்டு அதற்குக் கதை எழுதச் சொல்லும் போட்டி, முதல் பாராவைப் பிரபலமான ஒருவர் எழுதிவிட்டு மீதியை வாசகர்களிடம் விடும் போட்டி. நான் ஒன்றையும் விடவில்லை. சமையல் குறிப்புப் போட்டியில்கூடக் கலந்துகொண்டேன். பிரண்டைத் துவையலுக்கு ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் கிண்ணம் வந்தது. என் கணவர் வீட்டுக்கு யார் வந்தாலும் அதில்தான் முறுக்கு வைத்துக் கொடுப்பார். "போட்டில ஜெயிச்ச கிண்ணம்" என்று அவர் சொல்லும்போது நான் உள்ளே போய்விடுவேன். எந்தப் போட்டி என்று அவர் சொல்லமாட்டார்.

நான் எழுதியதை முதலில் கேட்பவர் முன் போர்ஷனில் இருந்த அக்கா. அவருடைய கணவருக்குத் தேரடி வீதிக்கு அருகே டிரங்குப் பெட்டி செய்து விற்கிற கடை. மூன்று தலைமுறையாக இதே ஊர்க்காரர்கள், முஸ்லிம் குடும்பம். அக்கா ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளையெல்லாம் கிழித்துச் சேர்த்துத் தைத்து, கடையில் விற்காமல் நின்றுபோன ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருந்தார். மத்தியானம் அவர் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவார். நான் எதிரில் உட்கார்ந்து படிப்பேன். கதை பிடித்துப்போனால் பொறுக்குகிற கை நின்றுவிடும். நான் முகத்தைப் பார்ப்பதில்லை, அந்தக் கையைத்தான் பார்ப்பேன்.

எனக்கு முதலில் உண்டான குழந்தை தங்கவில்லை. அதன்பிறகு கொஞ்ச நாள் எழுதவும் பிடிக்கவில்லை. திரும்ப எழுத உட்கார்ந்ததும் மீண்டும் நாள் தள்ளிப்போனதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடந்தன. அப்போதுதான் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகை நாவல் போட்டி ஒன்றை அறிவித்தது. புதியவர், பழையவர் யார் வேண்டுமானாலும் எழுதலாம். பரிசு பெற்ற நாவல்களைப் புத்தகமாகவும் போடுவார்கள். விதிகளை அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். மையால் எழுத வேண்டும். கதை தன் சொந்தக் கற்பனையே, எதையும் தழுவியதோ மொழிபெயர்த்ததோ அல்ல என்று கையெழுத்திட்ட உறுதிமொழி இணைக்க வேண்டும்.

"எழுது" என்றார் அக்கா. "புள்ள பொறக்கறதுக்குள்ள முடிச்சுடு. அப்புறம் எங்க எழுதறது?"

நான் எழுதிய கதை எங்களைப் போன்ற ஒரு தெருவில் நடப்பது. ஒரு பெண், அவளுடைய புருஷன், ஒண்டுக்குடித்தனத்தின் ஒரே குழாய், அதைச் சுற்றி நடக்கிற சண்டைகள், சமாதானங்கள். கடைசியில் அந்தப் பெண் பிரசவத்தில் இறந்துபோகிறாள். ஏன் அப்படி வைத்தேன் என்று கேட்டால் இரண்டு காரணம். பரிசு வாங்கிய கதைகளையெல்லாம் வரிசையாகப் படித்துப் பார்த்து, சோகமாக முடிந்தால்தான் பரிசு என்று நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இது வெளியில் சொல்லிக்கொண்ட காரணம். இன்னொன்று, எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. அதை அந்தப் பெண்ணின் தலையில் இறக்கி வைத்துவிட்டால் எனக்கு வராது என்று ஒரு எண்ணம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

முடிவைப் படித்துக் காட்டிய அன்று அக்காவின் கை முறத்தில் நின்றது. ஆனால் அது பிடித்துப்போய் நின்ற மாதிரி இல்லை.

"எல்லாத்தையும் நல்லா எழுதிட்டு கடைசில புள்ளத்தாச்சிய சாவடிக்கறியே, உனக்கே நல்லா இருக்குதா?"

"அப்பதான்க்கா மனசுல நிக்கும்."

"யாரு மனசுல? என் மனசுல நிக்க வாணாம். அவள பொழைக்க வை" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிரசவத்துக்குப் போளூருக்கு, அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தது. ஆனால் போன தடவை நடந்ததை நினைத்து, திருவண்ணாமலைப் பெரியாஸ்பத்திரிதான் தேவலை என்று அம்மாவே எங்களிடம் வந்துவிட்டாள். நான் கதையைத் திருத்தமாக வேறு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் எழுதியிருப்பேன். கால் வீங்க ஆரம்பித்தது. பிறகு முகம். ஒரு நாள் காலையில் கண் முன்னால் பூச்சி பறந்தது. ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு வீட்டுக்கே அனுப்பவில்லை. "பிரஷர் ரொம்ப ஜாஸ்தி. உப்பே சேக்கக் கூடாது. எழுந்து நடக்கவும் கூடாது. பொறக்கற வரைக்கும் இங்கதான்" என்றார்.

கட்டிலில் படுத்துக்கொண்டு நான் அழுதது உடம்பை நினைத்து அல்ல. போட்டிக்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உசுரு எப்படி இருக்குது, இவளுக்குக் காயிதம்தான் பெருசா இருக்குது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் கணவர் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மிச்சத்த நான் எழுதறேன்" என்றார்.

"நீங்களா?"

"இருக்கறத பாத்து அப்படியே எழுதணும், அவ்ளோதான? மீட்டர பாத்து கார்டுல எழுதறேன் இல்ல? அது மாதிரிதான்."

மகப்பேறு வார்டுக்குள் ஆண்களை எல்லா நேரமும் விடமாட்டார்கள். அவர் லீவு போட்டுவிட்டு வெளியே புங்க மரத்தடி சிமெண்டு மேடையில், மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு எழுதினார். உள்ளே விடுகிற நேரத்துக்கு வருவார். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுப்பார். படிக்க முடியாத சொற்களை அதில் எழுதி வைத்திருப்பார்.

"இது இன்னா? வீங்கினாளா?"

"விம்மினாள்."

"அப்படின்னா?"

"அழுகைய அடக்கிக்கிட்டு அழறது."

"அழுதாள்னே எழுதிடலாமே" என்பார். நான் முறைத்ததும், "சரி சரி, விம்மினாள்" என்று எழுதிக்கொள்வார். பக்கத்துக் கட்டில் பெண்கள் இந்த வேடிக்கைக்காகவே காத்திருந்தார்கள். அந்த மரத்தடியில்தான் அவர் என் கதையை முதல்முறையாகப் படித்தார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒரு நாள் கிளம்பும்போது வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "அந்தக் குழாய் சண்டைல வர்றது நம்மகிட்ட வாடக வாங்கற வீட்டுக்காரம்மாதான?" என்று ரகசியமாகக் கேட்டார்.

கை கால் இழுத்து எனக்கு ஜன்னி கண்டது ஒரு காலை வேளையில். அன்றைக்கு நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. பிற்பாடு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். என்னை உள்ளே கொண்டு போனார்கள். அம்மா கதவருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள். லேடி டாக்டர் வெளியே வந்து என் கணவரிடம், "இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். முன் போர்ஷன் அக்கா சேதி கேட்டு ஓடிவந்தபோது அவர் மரத்தடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாராம்.

"எனக்கு அப்படி ஒரு கோவம் வந்துது, தங்கச்சி. பொண்டாட்டி உள்ள கெடக்கறா, இந்த ஆளு கத எழுதறானேனு" என்று பின்னால் அக்கா சொன்னார். "கிட்ட போய் பாத்தேன். கண்ணுல தண்ணி ஓடுது. தொடைக்கக்கூட இல்ல. எழுதினே இருக்கறாரு. பக்கத்துல உக்காந்துனு துவா கேக்க ஆரம்பிச்சேன்."

அன்று மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. எடை கம்மி. ஆனால் அழுதது. நான் கண் விழிக்க இன்னும் நேரமாயிற்று. விழித்தபோது அவர் முகம்தான் தெரிந்தது. குழந்தையைக் காட்டினார்கள். என் நாக்கு கடிபட்டு வீங்கிப் பேச வரவில்லை. என்னவோ கேட்க முயன்றேன். அவர் குனிந்து, "அனுப்பிட்டேன். ரிஜிஸ்டர் தபால்ல போட்டுட்டேன். நீ தூங்கு" என்றார். நான் கேட்க நினைத்தது அது இல்லை, தண்ணீர். ஆனாலும் நிம்மதியாக இருந்தது.

அதன்பின் மாதக்கணக்கில் போட்டியைப் பற்றிய நினைப்பே இல்லை. குழந்தைக்குப் பால் போதவில்லை, ராத்திரியெல்லாம் அழுகை, எனக்கு எழுந்து நின்றால் தலை சுற்றல். எழுதுகிற பெண்ணாக நான் இருந்தேன் என்பதே வேறு யாரோ ஒருத்தியின் சங்கதி மாதிரி ஆகிவிட்டது. கார்த்திகைத் தீபக் கூட்டம் வந்து போனது. மலை மேல் எரிந்த தீபத்தைக் குழந்தைக்குக் காட்டினோம். அது என் மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தை மாதத்தில் ஒரு நாள் தபால்காரர் வாசலிலிருந்தே கத்தினார். "அம்மா! லேசா இருக்குது! கையில எடுத்தா இருக்கறதே தெரியல!"

இரண்டாம் பரிசு. முதல் பரிசு ஏற்கெனவே பல புத்தகங்கள் எழுதிப் பேர் வாங்கிய ஒருவருக்கு. நான் கடிதத்தை அக்காவிடம் காட்டினேன், அக்கா தெருவுக்கே காட்டினார். என் கணவர் வேலை பார்க்கப் போன தெருக்களில் எல்லாம் சொல்லிவிட்டு வந்தார். இந்தத் தடவை கிண்ணத்துக்கு வேலை இல்லை.

அடுத்த வாரப் பத்திரிகையில் முடிவுகள் வந்தன. பரிசு பெற்ற ஒவ்வொரு நாவலையும் பற்றி இரண்டு வரி போட்டிருந்தார்கள். என் பெயருக்குக் கீழே, சாவின் வாசல்வரை போய்த் திரும்பி வரும் ஒரு தாயின் கதை என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. யாருடைய கதையையோ என் பெயரில் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். சாயங்காலம் அவர் வந்ததும் காட்டினேன்.

"பாருங்க, தப்பா போட்டுட்டாங்க. என் கதைல அவ திரும்பி வரவே மாட்டா."

அவர் சிரிக்கவில்லை. தூளிக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். நன்றாகத்தான் இருந்தது அந்த முடிச்சு.

"நான்தான் மாத்திட்டேன்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வந்த கோபத்தை இப்போதும் சரியாக நினைவுகூர முடிகிறது. உடம்பெல்லாம் சுட்டது. என் கதை அது. என் வாந்தியோடும் வீக்கத்தோடும் எழுதிய கதை.

"உங்க மீட்டர் கார்டுல என் இஷ்டத்துக்கு நான் நம்பர் போட்டா சும்மா இருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

அவர் தூளியைப் பிடித்துக்கொண்டே பேசினார். "எல்லாத்தையும் நீ எழுதின மாதிரிதான் எழுதினேன். ஒரு வார்த்த மாத்தல. கடைசி பக்கம்தான் பாக்கி. அன்னிக்குதான் உன்ன உள்ள இட்டுனு போனாங்க. சும்மா உக்காந்தா பைத்தியம் புடிச்சிடும் போல இருந்துச்சு, அதான் எழுத உக்காந்தேன். எழுதினே வரேன், 'அவள் மூச்சு நின்றது'னு இருக்குது. நீ உள்ள கெடக்கற. டாக்டரம்மா ஒண்ணும் சொல்ல முடியாதுனுட்டாங்க. நான் வெளிய உக்காந்துனு அந்த வரிய எழுதணுமா? கை வரலம்மா. நெஜமா வரல."

என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். டாக்டரம்மா கதவைத் திறந்து வெளியே வருகிறார், சிரிக்கிறார், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க என்கிறார், அந்தப் பெண் கண் திறந்து பார்க்கிறாள். "அவ்ளோதான். அரை பக்கம்" என்றார். பிறகு தயங்கி, "கீழ சுபம்னு போட்டேன்" என்றார்.

நான் அப்போதே உருகிப் போய்விட்டேன் என்று சொன்னால் அது பொய். அவர் சொன்னதைக் கேட்டு அழுகை வந்தது, கோபமும் போகவில்லை. இரண்டும் ஒன்றாக இருந்தன. சில நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் சோறு போட்டால் சாப்பிட்டுவிட்டு, குழந்தையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அக்காவிடம் போய்ச் சொன்னேன். "அதுதான் நான் அப்பவே சொன்னேனே! நல்ல காரியம் பண்ணாரு" என்று அக்கா கை தட்டினார். எனக்கு அங்கேயும் ஆதரவு இல்லை.

என்னை அரித்தது அந்த உறுதிமொழிதான். முழுவதும் என் சொந்தக் கற்பனை என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். ஆனால் கடைசி அரைப் பக்கம் என்னுடையது இல்லை. பரிசு வாங்கப் போகும்போது உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அவரிடமும் சொன்னேன். "சொல்லு. நான்தான் பண்ணேன்னு சொல்லு" என்றார்.

பரிசளிப்பு மெட்ராஸில். விடிகாலையில் பஸ் ஏறினோம். குழந்தை திண்டிவனம் வரை தூங்கிற்று. அரங்கத்தில் மேடைக்குக் கூப்பிட்டார்கள், மாலை போட்டார்கள், பிளாஷ் அடித்துப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் என் கண் மூடியிருக்கும். முடிந்ததும் பக்கத்து அறையில் கேசரியும் காபியும் கொடுத்தார்கள். நடுவர்களில் ஒருவரான ஓர் எழுத்தாளர் அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். அவருடைய தொடர்கதை ஒன்று அக்காவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. என் கணவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னால் நின்றார்.

"நீதான் திருவண்ணாமலையா? இவ்வளவு சின்னப் பொண்ணா இருப்பேன்னு நினைக்கல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் கதை எனக்கு ரொம்பப் பிடிச்சுது. அந்தக் குழாயடி இருக்கே, அப்படியே கண்ணுல நிக்குது. நான் உனக்குத்தான் முதல் பரிசு கேட்டேன். மத்த ரெண்டு பேரும் ஒத்துக்கல. அவங்க சொன்னதும் நியாயம்தான். கடைசி அரைப் பக்கத்துல விட்டுட்டியேம்மா. டாக்டர் சினிமால வர்ற மாதிரி கதவைத் திறந்துக்கிட்டு வந்து சிரிக்கறாங்க. போதாததுக்குக் கீழ சுபம்னு வேற போட்டிருக்க. இவ்வளவு எழுதத் தெரிஞ்சவ ஏன் அப்படிப் பண்ணின?"

சொல்ல வேண்டியதை பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயெடுக்கும் முன் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல் சிவந்திருந்தது. குழந்தை அவருடைய சட்டைக் காலரை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. பரிசளிப்புக்கென்று இஸ்திரி போட்டுக் கொண்டுவந்த சட்டை.

"வேணும்னுதாங்க அப்படி முடிச்சேன்" என்றேன். "அவ சாகக் கூடாதுனு இருந்தது."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார்.

"இது எப்ப பொறந்தது?"

"அந்தக் கதைய அனுப்பின அன்னிக்குதாங்க."

அந்த அம்மா குழந்தையின் தலையில் கை வைத்தார். "சரி. அப்படியே இருக்கட்டும்" என்றார். போகும்போது என்னிடம், "வெளியூர்லேர்ந்து எத்தனையோ பொண்ணுங்க வந்து ஒரு பரிசு வாங்கிட்டுப் போறாங்க. அதுக்கப்புறம் அவங்க பேரையே பார்க்க முடியறதில்ல. நீ அப்படிப் போயிடாத" என்று சொன்னார்.

நான் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவள் சாகக் கூடாது என்பது அதைச் சொன்ன நேரத்தில் உண்மையாகவே என் விருப்பமாகிவிட்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் செங்கல்பட்டு தாண்டியதும் அவர், "என்னாலதான் மொதல் பரிசு போச்சு" என்றார்.

"போகட்டும்."

"நீ ஏன் அந்தம்மாகிட்ட சொல்லல? சொல்றேன்னுதான சொன்ன?"

"சொன்னா, நீங்க எங்க உக்காந்துக்கிட்டு எழுதினீங்கன்னும் சொல்லணும். அது அவங்களுக்கு எதுக்கு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சற்றுப் பொறுத்து, "விம்மறதுனா இன்னானு இப்ப தெரியுது" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். குழந்தை விழித்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

நாவல் புத்தகமாக வரவிருந்தபோது அச்சுப் படிகளைத் திருத்த எனக்கு அனுப்பியிருந்தார்கள். வேண்டுமானால் முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு குறிப்பும் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பழைய முடிவை எழுதிப் பார்த்தேன். கை ஓடியது, அதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் அதை அனுப்ப மனம் வரவில்லை. கடைசியில் அவருடைய அரைப் பக்கத்தில் எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தி, சுபத்தை அடித்துவிட்டு அனுப்பினேன். அந்த நாவலை விமர்சித்து எழுதியவர்கள் எல்லாரும் முடிவைக் குறை சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரிதான். இலக்கியமாகப் பார்த்தால் அது மோசமான முடிவு.

நான் காணாமல் போகவில்லை. அந்தப் பத்திரிகையே கதை கேட்டு எழுதிற்று. வேறு இரண்டு பத்திரிகைகளும் கேட்டன. எண்பதுகளில் ஊர் நூலகத்தில் மாணவர்களுக்கு நடத்திய கதைப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். முன்பெல்லாம் எனக்குக் கனமான உறைகள் வரும். இப்போது கட்டுக் கட்டாக மற்றவர்களின் கதைகள் வந்தன. நன்றாக வந்துகொண்டிருக்கிற ஒரு கதை கடைசியில் திடீரென்று கெட்டுப்போனால் கூட இருக்கிற நடுவர்கள் உடனே மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். நான் கொஞ்சம் நிதானிப்பேன். இதை எழுதியபோது அந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்ததோ என்று தோன்றும். அதற்காக மதிப்பெண் கூட்டிப் போட்டதில்லை. நிதானித்தேன், அவ்வளவுதான்.

என் மகள் எட்டாவது படிக்கும்போது அந்த நாவலைப் படித்தாள். நான் படிக்கச் சொல்லவில்லை, அவளாகவே எடுத்துப் படித்தாள். அடுப்படியில் என்னிடம் வந்து, "அம்மா, எல்லாம் நல்லா இருக்குது. முடிவு மட்டும் சகிக்கல. ஏதோ படத்துல வர்ற மாதிரி இருக்குது. எதுக்கும்மா அப்படி வெச்ச?" என்றாள்.

அதுவரை அவளுக்கு நாங்கள் சொன்னதில்லை. அன்று சொன்னேன். கால் வீங்கியது, மரத்தடி, கை வராமல் போன அந்த வரி, எல்லாவற்றையும். அவள் தேய்க்கப் போட்டிருந்த பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் வெளியே போனாள்.

வாசலில் அவர் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவள் போய் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னா?" என்றார்.

"ஒண்ணுமில்லப்பா."

"அப்ப இத புடி" என்று எண்ணெய்க் கிண்ணத்தை அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். நான் ரொம்ப நேரம் அவர்களைக் கூப்பிடவில்லை.